628 நாட் அவுட்: பள்ளிப் பத்திரிகையும் போர்ச் செய்தியும்

2016 ஜனவரியில் மும்பைக்குப் பக்கத்தில் கல்யாணில் நடந்த ஒரு பள்ளி கிரிக்கெட் ஆட்டத்தில், பிரணவ் தனவடே என்ற மாணவர் தனி ஆளாக 1009 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட சாதனை முறியடிக்கப்பட்டதாக எங்கும் பேச்சு. சரி, முறியடிக்கப்பட்டது யாருடைய சாதனை?

அவர் பெயர் ஏ.இ.ஜே. காலின்ஸ். பிறந்தது நம் நாட்டில்தான். இன்றைய ஜார்க்கண்டில் இருக்கும் ஹசாரிபாகில், 1885ல். படித்தது இங்கிலாந்தில், பிரிஸ்டல் நகரின் கிளிஃப்டன் காலேஜில். (காலேஜ் என்று பெயர் இருந்தாலும் அது பள்ளிக்கூடம். அந்தக் காலத்தில் பையன்கள் மட்டும் படித்த பள்ளி.) 1899 ஜூனில், 13 வயதில், பள்ளிக்குள்ளேயே விடுதிகளுக்கு இடையே நடந்த ஒரு ஆட்டத்தில் 628 நாட் அவுட். நாட்கணக்கில் நீண்ட ஆட்டம் அது. பிறகு ராணுவத்தில் சேர்ந்து பொறியாளர் படையில் கேப்டன் ஆனார். 1914ஆம் வருஷம் கல்யாணம் நடந்தது. அதே வருஷம் நவம்பர் 11ஆம் தேதி பெல்ஜியத்தில் இப்ரெ நகருக்கு அருகே நடந்த சண்டையில் இறந்துபோனார். வயது 29. உடல் கிடைக்கவில்லை. இப்ரெ நகரின் மெனின் வாயிலில் பெயர் மட்டும் செதுக்கப்பட்டிருக்கிறது.

இதே கிளிஃப்டனில் காலின்ஸுக்கு முன்னால் படித்த இன்னும் இருவரையும் சொல்லியாக வேண்டும். ஒருவர் ஹென்றி நியூபோல்ட் என்ற கவிஞர். 1892ல் அவர் எழுதிய கவிதை ஒன்று பிரபலமானது. அதன் முதல் பகுதியில் பள்ளி மைதானத்தில் ஒரு கிரிக்கெட் ஆட்டம் கடைசிக் கட்டத்தில் நிற்கிறது. அடுத்த பகுதியில் பாலைவனத்தில் ரத்தம் ஊறிய போர்க்களம். இரண்டு இடத்திலும் கேட்பது ஒரே குரல்தான்: விடாமல் ஆடு. இன்னொருவர் டக்ளஸ் ஹெய்க். 1915 கடைசியிலிருந்து மேற்கு முனையில் பிரிட்டிஷ் படைகளுக்குத் தலைமைத் தளபதி. கிரிக்கெட்டும் போரும் ஒன்று என்று பாடியவர், படையை நடத்தியவர், மட்டையைக் கீழே வைத்துவிட்டுப் போய் இறந்தவர் என்று மூன்று பேரையும் தந்தது ஒரே பள்ளிக்கூடம். நான் பேச வந்தது அந்த மாதிரிப் பள்ளிகள் போர்க்காலத்தில் தங்கள் முன்னாள் மாணவர்களைப் பற்றி வெளியிட்ட செய்திகளைப் பற்றி.

நம் பள்ளிகளில் ஆண்டு மலர் போடுவார்கள் இல்லையா? முதலமைச்சரின் வாழ்த்துச் செய்தி, தலைமையாசிரியர் அறிக்கை, விளையாட்டு விழாப் படங்கள், நாலு கவிதை. இங்கிலாந்தின் பெரிய பள்ளிகளில் இதைவிட அடிக்கடி பத்திரிகை வந்தது. கிளிஃப்டனுக்கு 'கிளிஃப்டோனியன்', மார்ல்பரோவுக்கு 'மார்ல்பூரியன்', ஈட்டனுக்கு 'ஈட்டன் காலேஜ் கிரானிக்கிள்'. ஆட்ட விவரம், விவாத மேடை, படித்து முடித்துப் போனவர்களில் யாருக்கு எங்கே வேலை கிடைத்தது, யாருக்குக் கல்யாணம் என்பதெல்லாம் அதில் வரும். 1914 ஆகஸ்டுக்குப் பிறகு இந்தப் பத்திரிகைகளுக்குள் போர் புகுந்தது. யார் யார் படையில் சேர்ந்தார்கள், யாருக்குக் காயம், யாருக்குப் பதக்கம், யார் செத்தார் என்று பட்டியல்கள். போர்முனையிலிருந்து வந்த கடிதங்கள். இறந்தவர்களைப் பற்றிய குறிப்புகள். இவற்றோடு சேர்ந்து, அதே தாளில், வழக்கம்போல ஆட்ட ஸ்கோர்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஈட்டனில் படித்தவர்களில் இந்தப் போருக்குப் போனவர்கள் சுமார் 5,650 பேர். இறந்தவர்கள் 1,157 பேர். அன்று ஈட்டனில் ஒரே சமயத்தில் படித்த பையன்களின் எண்ணிக்கை ஆயிரத்தை ஒட்டித்தான் இருக்கும். அதாவது ஒரு முழுப் பள்ளிக்கூடமே காலியானதற்குச் சமம். பிரிட்டிஷ் படையில் மொத்தமாகப் பார்த்தால் போனவர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவர் இறந்தார். இந்தப் பள்ளிகளிலோ ஐந்தில் ஒருவர்.

ஏன் இப்படி? பணக்கார வீட்டுப் பிள்ளைகள் பின்னால் பத்திரமாக இருந்திருப்பார்கள் என்றுதானே நாம் நினைப்போம்! நடந்தது நேர்மாறு. இந்தப் பள்ளிகளில் 1908 முதல் அதிகாரிப் பயிற்சிப் படை இருந்தது. நம் என்.சி.சி. மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பயிற்சி பெற்ற பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள் நேராகச் செகண்ட் லெஃப்டினென்ட் ஆனார்கள். பதுங்குகுழியை விட்டு வெளியேறும்போது முதலில் வெளியே தலையை நீட்ட வேண்டியவர் அந்த லெஃப்டினென்ட்தான்.

பிற்பாடு நாடக ஆசிரியராகப் பெயர் பெற்ற ஆர்.சி. ஷெரிஃப் 1914ல் அதிகாரியாகச் சேரப் போனபோது எந்தப் பள்ளி என்று கேட்டிருக்கிறார்கள். கிங்ஸ்டன் கிராமர் ஸ்கூல் என்றார். அங்கீகரித்த பள்ளிகளின் பட்டியலில் அது இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதிகாரிகள் செத்துக் குறைந்த பிறகு அதே ஷெரிஃப் அதிகாரியானார், காயமும் பட்டார். பதுங்குகுழிக்குள் நடக்கும் அவருடைய 'ஜர்னிஸ் எண்ட்' நாடகம் 1928ல் மேடையேறியது. அந்தப் பட்டியலில் இருப்பது பெரிய சலுகை. ஆனால் 1914க்குப் பிறகு சாவதற்கான வரிசையில் முன்னால் நிற்பதற்கும் அதே சலுகைதான் காரணம்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். இந்தச் செய்திகளில் தவறு இருந்தது எதில்? பட்டியல் போட்டதில் இல்லை. இறந்தவனின் பெயரைச் சொல்வது பள்ளியின் கடமை. தவறு, அவன் சாவைச் சொன்ன மொழியில். ஆட்டத்தைப் பற்றி எழுதிப் பழகிய கை, சாவைப் பற்றியும் அப்படியே எழுதியது. அருமையாக ஆடினான், அணிக்காக ஆடினான், கடைசிவரை ஆடினான் என்ற தொனியில். இது பள்ளிகளோடு நிற்கவில்லை. ரக்பி பள்ளியில் படித்த கவிஞர் ரூபர்ட் புரூக் 1915 ஏப்ரலில் போருக்குப் போகும் வழியில் ரத்தம் நச்சுப்பட்டு இறந்தார். கிரிக்கெட்டின் ஆண்டுப் புத்தகமான 'விஸ்டன்' 1916 பதிப்பில் அவருக்கும் ஒரு இரங்கல் குறிப்பு உண்டு. 1906ல் பள்ளி அணிக்காக அவர் எத்தனை விக்கெட் எடுத்தார், சராசரி என்ன என்று சொல்லிவிட்டு, அவர் கவிஞர் என்றும் பெயர் பெற்றவர் என்று சேர்த்திருந்தார்கள்! படித்தால் சிரிப்பு வரும். கொஞ்சம் யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும். விஸ்டன் கிரிக்கெட் புத்தகம், விக்கெட் கணக்கைச் சொல்வது அதன் வேலை. ஒரு பள்ளிக்கூடத்துக்கு அது போதுமா?

இந்த மொழி எதை மறைத்தது என்று தெரிய வேண்டுமானால் வேரா பிரிட்டன் எழுதிய 'டெஸ்டமென்ட் ஆஃப் யூத்' (1933) படிக்க வேண்டும். அவருடைய தம்பி எட்வர்ட், எட்வர்டின் நண்பர்கள் ரோலண்ட் லெய்ட்டன், விக்டர் ரிச்சர்ட்சன் மூவரும் அப்பிங்கம் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். 1914 ஜூலையில் நடந்த பரிசளிப்பு விழாவில் ரோலண்ட் கை நிறையப் பரிசு வாங்கினார். நாட்டுக்குப் பயன்படாமல் இருப்பதைவிடச் சாவது மேல் என்ற பொருளில் தலைமையாசிரியர் அங்கே பேசியதை வேரா பதிவு செய்திருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு மாதம்கூட ஆகவில்லை, போர் வந்துவிட்டது. ரோலண்டுக்கும் வேராவுக்கும் நிச்சயமாகியிருந்தது. 1915 கிறிஸ்துமஸுக்கு விடுப்பில் வருவார் என்று வேரா காத்திருக்க, டிசம்பர் 23ஆம் தேதி அவர் இறந்த சேதிதான் வந்தது. விக்டர் 1917ல் கண் பார்வை போய், ஜூனில் இறந்தார். எட்வர்ட் 1918 ஜூன் 15ஆம் தேதி இத்தாலியில் இறந்தார். மூவரும் போய்விட்டார்கள்.

ரோலண்டின் உடைகள் வீட்டுக்குத் திரும்பி வந்த நாளை வேரா விவரிக்கும் இடம் மறக்க முடியாதது. குண்டு துளைத்த சட்டை, ரத்தக்கறை, போர்க்களத்துச் சேறு, அந்தச் சேற்றின் வீச்சம். அதைத் தாங்க முடியாமல், அந்தத் துணிகளை எடுத்துப்போகச் சொல்லிவிடுகிறார் ரோலண்டின் தாய். பள்ளிப் பத்திரிகைகளின் சுத்தமான இரங்கல் குறிப்புகளில் வராதது இந்த வீச்சம்தான்.

'பெற்ற தாய் படிக்கும் பத்திரிகையில் அதையெல்லாம் எழுத முடியுமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. போர்க்காலத் தணிக்கையும் இருந்தது. பல பள்ளிகளில் பத்திரிகையை நடத்தியவர்களே மேல் வகுப்புப் பையன்கள்தான். ரோலண்டே அப்பிங்கம் பள்ளிப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர்! இன்று பட்டியலை எழுதும் பையனின் பெயர் அடுத்த வருஷம் அதே பட்டியலில் வரும் என்ற நிலையில் இருந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தாய்க்கு ஆறுதல் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பத்திரிகையைத் தாய் மட்டுமா படித்தார்? வகுப்பில் உட்கார்ந்திருந்த பதினாலு வயதுப் பையனும் படித்தான். தாய்க்கு ஆறுதலாக இருந்த அதே வாக்கியம் அவனுக்கு அழைப்பிதழாக இருந்தது. ஒரே வாக்கியம் இரண்டு வேலை செய்தது. இரண்டாவது வேலையைப் பற்றித்தான் பெரியவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

வேறு மாதிரிப் பேசிய முன்னாள் மாணவர்களும் இருந்தார்கள். மார்ல்பரோவில் படித்த சார்ல்ஸ் சார்லி பள்ளிப் பத்திரிகையில் கவிதை எழுதி வளர்ந்தவர். போர் மூண்டபோது ஜெர்மனியில் இருந்தார். அந்த மக்களையும் அவர்கள் மொழியையும் நேசித்தவர். ஊர் திரும்பியதும் படையில் சேர்ந்தாலும் ஜெர்மானியர்களை வெறுக்க அவரால் முடியவில்லை. இரண்டு தரப்பும் குருடர்களாகச் சண்டை போடுகிறார்கள் என்ற எண்ணத்தில் ஜெர்மனியை நோக்கியே ஒரு கவிதை எழுதினார். தன் தியாகத்தை ரூபர்ட் புரூக் மிகப் பெரிதாக நினைத்துக்கொள்கிறார் என்று கடிதத்தில் விமர்சித்தார். 1915 அக்டோபர் 13ஆம் தேதி லூஸ் சண்டையில் தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். வயது 20. அவர் உடைமைகளுக்குள் கடைசியாக ஒரு கவிதை இருந்தது. செத்தவர்களைப் புகழாதீர்கள், அவர்களுக்குக் காது கேட்காது என்பது அதன் சாரம். பள்ளிப் பத்திரிகைகளின் இரங்கல் பக்கங்களுக்கு இதைவிட நேரடியான பதில் கிடையாது. எழுதியவரோ அதே இரங்கல் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்த ஒரு முன்னாள் மாணவர்.

அலெக் வா என்பவரின் கதை வேறு. ஷெர்போர்ன் பள்ளியில் படித்தவர். 17 வயதில், பள்ளி வாழ்க்கையின் பொய்களைத் தோலுரித்து 'தி லூம் ஆஃப் யூத்' என்ற நாவல் எழுதினார். 1917ல் அது வெளிவந்தபோது அவர் ராணுவ அதிகாரி. முன்னாள் மாணவர் சங்கம் அவர் பெயரை நீக்கியது. (பிற்பாடு சேர்த்துக்கொண்டார்கள்.) போரில் செத்தால் பெயரைக் கல்லில் வெட்டுவார்கள், பள்ளியைப் பற்றி உண்மை எழுதினால் பெயரையே வெட்டுவார்கள்!

ஈட்டனின் தலைமையாசிரியர் எட்வர்ட் லிட்டில்டனுக்கும் இதேதான் நடந்தது. 1915 மார்ச்சில் ஒரு தேவாலயப் பிரசங்கத்தில், ஜெர்மனியிடம் கிறிஸ்தவ முறையில் நடந்துகொள்ள வேண்டும், நாமும் விட்டுக்கொடுக்கத் தயாராக வேண்டும் என்று பேசினார். பத்திரிகைகள் கொதித்தன. 1916ல் பதவியை விட்டுப் போனார். தன் மாணவர்கள் வாரம் தவறாமல் செத்துக்கொண்டிருந்த நேரத்தில் அப்படிப் பேச எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

எதிர்த்தரப்பிலும் இதே கதைதான். 1914 நவம்பரில் லாங்கமார்க் அருகே இளம் படையினர் தேசப் பாடலைப் பாடிக்கொண்டே பாய்ந்தார்கள் என்று ஜெர்மன் ராணுவம் அறிக்கை விட்டது. அவர்கள் எல்லோரும் மாணவர்கள் என்று ஒரு கட்டுக்கதை வளர்ந்து, பின்னால் நாஜிகளுக்கும் பயன்பட்டது. உண்மையில் மாணவர்கள் அந்தப் படையில் சிறுபான்மைதான். வகுப்பையே பேசிப் பேசிப் படையில் சேர்த்துவிடும் ஆசிரியரை ரெமார்க்கின் 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரன்ட்' நாவலில் பார்க்கலாம்.

இதில் நமக்கு என்ன என்று கேட்பீர்கள். முதல் உலகப்போர் என்றால் நமக்கு ஞாபகம் வருவது 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னை மேல் குண்டு போட்ட எம்டன் கப்பல்தான். ஆனால் அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து 13 லட்சம் பேருக்கு மேல் போனார்கள். 74,000 பேருக்கு மேல் திரும்பவில்லை. இந்தியாவில் பல கிராமங்களில், தமிழ்நாட்டிலும்கூட, அந்தக் காலத்துக் கல்வெட்டுப் பலகைகள் இன்னும் இருக்கின்றன. இந்தக் கிராமத்திலிருந்து 1914-1919 மகாயுத்தத்துக்குப் போனவர்கள் இத்தனை பேர், அதில் உயிர் விட்டவர்கள் இத்தனை பேர் என்று இருக்கும். அவ்வளவுதான். பெயர் கிடையாது.

ஈராக்கின் பாஸ்ரா நினைவுச் சின்னத்திலும் அப்படியே. பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர். இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவுக்குக் கீழே வெறும் எண்ணிக்கை. போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையம் 1917ல் தொடங்கப்பட்டபோது எல்லோருக்கும் சமமான நினைவு என்பதுதான் கொள்கை. இந்தியர்கள், ஆப்பிரிக்கர்கள் விஷயத்தில் அது காப்பாற்றப்படவில்லை என்று அதன் சிறப்புக் குழுவே 2021ல் அறிக்கை கொடுத்தது. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயர் பதிவில்லாமலோ எந்த நினைவுச் சின்னமும் இல்லாமலோ போயிருக்கிறார்கள்.

இதனால்தான் அந்தப் பள்ளிப் பத்திரிகைகளை நான் முழுசாகத் தள்ள மாட்டேன். நம் ஊர்க் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவற்றின் மதிப்பு தெரியும். 13 வயதில் காலின்ஸ் எத்தனை ரன் எடுத்தார் என்பது வரைக்கும் நமக்குத் தெரிகிறது. நம் ஊரிலிருந்து போனவர் என்ன பயிர் வைத்தார், கபடி ஆடுவாரா, பாடுவாரா என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஒருவனை ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு பத்திரிகை இருப்பது பாக்கியம். அந்தப் பாக்கியம் இருந்தவர்கள் அதைச் சரியாகப் பயன்படுத்தினார்களா என்பதுதான் என் கேள்வி.

இதெல்லாம் பழைய கதை என்று ஒதுக்கவும் முடியாது. ரஷ்யாவில் 'வீரனின் மேசை' என்று ஒரு திட்டம். இறந்த ராணுவ வீரரின் படமும் வாழ்க்கைக் குறிப்பும் பதித்த மேசையைப் பள்ளி வகுப்பறையில் போடுவார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு அதில் உட்காரும் பெருமை. 2022ல் உக்ரைன் மீது படையெடுத்த பிறகு, அங்கே போய் இறந்தவர்களின் பெயரிலும், அவர்கள் படித்த பள்ளிகளிலேயே, இந்த மேசைகள் வந்தன. நூறு வருஷம் முன்னால் பத்திரிகையின் பக்கம் செய்த வேலையை இப்போது மேசை செய்கிறது. பிள்ளை அதன் மேல் நோட்டை வைத்துக் கணக்குப் போடுகிறது.

சரி, ஒரு பள்ளி என்னதான் செய்ய வேண்டும்? என்னைப் பொறுத்தவரை, பெயரைப் போடட்டும், வயதைப் போடட்டும். என்ன பாடம் பிடிக்கும், எந்த ஆட்டம் ஆடுவான் என்றும் எழுதட்டும். எங்கே, எப்படிச் செத்தான் என்று தெரிந்தால் அதையும் மழுப்பாமல் எழுதட்டும். கூடவே, சார்லி மாதிரி வேறு விதமாக நினைக்கும் முன்னாள் மாணவன் உயிரோடு இருக்கும்போதே அவனுக்கும் பக்கம் ஒதுக்கட்டும். முடிந்தால் எதிரியையும் சேர்க்கட்டும். முடியுமா என்று கேட்காதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டின் நியூ காலேஜ், ஜெர்மனிக்காகப் போரிட்டு இறந்த தன் மூன்று மாணவர்களுக்குத் தேவாலயத்தில் தனியாக ஒரு கல்வெட்டு வைத்தது. எதிரியாக இருந்தாலும் நம்மிடம் படித்தவர்கள்தானே என்று ஒரு கல்வி நிறுவனத்தால் சொல்ல முடிந்திருக்கிறது.

போடக் கூடாதது ஒன்றே ஒன்றுதான்: அடுத்து நீதான் என்று வகுப்பில் இருக்கும் பையனுக்குக் கேட்கும்படியான வாக்கியம். படித்து முடித்துப் போனவர்களுக்குப் பள்ளி பட்டிருக்கும் கடன் அவர்கள் பெயரைச் சொல்வது. இன்னும் படித்துக்கொண்டிருப்பவனுக்குப் பட்டிருக்கும் கடன் அதைவிடப் பெரியது.